கையெழுத்து யாருடையது?

உள்ளாட்சி, கூட்டுறவு, பராமரிப்பு உழைப்பு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைநேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை ‘உள்ளாட்சிகளும் கூட்டுறவுப் பராமரிப்பும்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டார்கள். பேங்க்கில் வேலை பார்க்கிறவன், சங்கம், கணக்கு வழக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு இந்த விஷயம் பேங்க்கில் தெரிந்ததில்லை. எங்கம்மாவிடம் தெரிந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக் கிழவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாலு வருஷம் படுத்த படுக்கை. நாலு வருஷமும் கிழவியைப் பார்த்துக்கொண்டது எங்கம்மா. விடியற்காலையில் போவாள், கொல்லைப்புற வழியாக. பீத்துணியை அலசிப் போடுவாள். உடம்பைத் துடைத்துவிடுவாள். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பாள். கஞ்சி ஊட்டி வாயைத் துடைப்பாள். தாகம் எடுத்தால் மட்டும் கொல்லையில் குந்தி இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். கிழவியின் உடம்பு முழுக்கத் தொடலாம், அந்த வீட்டுச் செம்பைத் தொடக்கூடாது.

கூலி? மாசம் இவ்வளவு என்று ஒரு கணக்குக் கிடையாது. அரிசி, பழைய புடவை, தீபாவளிக்குக் கொஞ்சம் பணம். வாய்விட்டுக் கேட்டால், “பெரியவங்களுக்குச் செய்யறது புண்ணியம்டி” என்பார்கள். அந்த வீட்டுப் பையன் என்னைவிடச் சின்னவன். எங்கம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அதே நாலு வருஷத்தில் எங்கம்மாவைப் பெற்ற ஆயா எங்கள் குடிசையில், முட்டியை மடக்க முடியாமல், சுவர் ஓரமாகக் கிடந்தாள். அவளைக் குளிப்பாட்ட ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அக்காவும் நானும் தண்ணீர் மொண்டு ஊற்றுவோம்.

இந்த இரண்டு கிழவிகளையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பராமரிப்பு என்று இன்று கௌரவமாகச் சொல்கிறோம். குழந்தையை, முதியவரை, உடல் ஊனமுற்றவரை, மனநோயாளியை, சாகக் கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்வது. இதற்கு யாராவது ஒருவர் கையை நனைத்தாக வேண்டும். யாருடைய கை என்பதை நம்முடைய நாட்டில் சாதி முடிவு செய்திருக்கிறது. சாதிக்குள்ளே ஆணா பெண்ணா என்பது முடிவு செய்திருக்கிறது. தீட்டுத் துணி வெளுத்தவர்கள் யார்? தொப்புள் கொடி அறுத்தவர்கள் யார்? செத்தால் குழி வெட்டியவர்கள் யார்? மனித உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நேரங்கள் எல்லாவற்றிலும் கூலி பேசப்படாத ஒருத்தரை நிற்க வைத்திருக்கிறார்கள். அதற்குத் ‘தொண்டு’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பட்டணத்துக்கு வந்தால் இது மாறிவிட்டதா? எங்கள் கவுண்டருக்கு ஒரு அம்மா வருவார். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வீட்டோடு தங்கி ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறார். ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தவர். சேமிப்புக் கணக்குத் தொடங்க வந்தார். ஆதார் அசல் எங்கேம்மா என்று கேட்டேன். “ஏஜென்சியில வாங்கி வச்சிருக்காங்க சார்” என்றார். அந்த வீட்டுக்காரர் மாசம் எவ்வளவு கொடுக்கிறார்? “அது எனக்குத் தெரியாது சார். ஏஜென்சில குடுக்கறத வாங்கிக்கிறேன்.” கொல்லைப்புற வழி போய்விட்டது, லிஃப்ட் வந்திருக்கிறது. தன்னுடைய உழைப்பின் விலை தனக்குத் தெரியாத நிலைமை அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு யோசனை முன்வைக்கப்படுகிறது. பார்த்துக்கொள்கிற தொழிலாளர்களும், பார்த்துக்கொள்ளப்படுகிறவர்களும், அவர்களுடைய குடும்பங்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைப்பது. ஏஜென்சிக்காரன் இடத்தில் சங்கம். சங்கத்துக்கு வேலை, இடம், முதல் பணம் கொடுத்து நிறுத்துவது உள்ளாட்சியின் பொறுப்பு. இது காற்றில் பேசுகிற பேச்சு இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக்கென்று 2014இல் ஒரு சமூகப் பணிச் சட்டம் போட்டார்கள். அதன் 16ஆம் பிரிவு, பராமரிப்பை வழங்குகிற கூட்டுறவுகளையும் சமூக நிறுவனங்களையும் வளர்ப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறது. விரும்பினால் செய்யலாம் என்று விடவில்லை. நம் நாட்டிலேயே அகமதாபாத்தில், அமைப்புசாராப் பெண்களின் சங்கமான சேவா வழியாக, குழந்தைகள் காப்பகம் நடத்துகிற பெண்களுக்கே சொந்தமான ‘சங்கினி’ என்ற கூட்டுறவு இருக்கிறது.

நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைப்பது இத்தாலியைப் பற்றி. குறிப்பாகத் திரியஸ்த்தே என்கிற துறைமுக நகரம். ஏன் அவ்வளவு தூரம் போகிறேன் என்றால், கூலியில்லாமல் அடுத்தவர் அழுக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள், மனிதர் கணக்கிலேயே சேர்க்கப்படாதவர்கள், ஒரு உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்ட கதை அது. நமக்கு அது பக்கத்து ஊர்க் கதை மாதிரி.

இத்தாலியில் 1904இல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சட்டம் வந்தது. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தானவர் என்றோ, பொது இடத்தில் அசிங்கம் என்றோ சொன்னால் போதும், ஆளை உள்ளே போட்டுவிடலாம். உள்ளே போனவருடைய பெயர் குற்றவாளிகளின் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவை எடுக்க 1968 வரைக்கும் ஆயிற்று. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் அதே 1904தான். இந்தப் பொருத்தத்தை எங்கேயாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இத்தாலியில் இந்த ஆஸ்பத்திரிகளை நடத்தியது மாநில அரசு இல்லை, மாகாண உள்ளாட்சி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் மாவட்டப் பஞ்சாயத்து மாதிரி. திரியஸ்த்தே மாகாணத் தலைவராக இருந்தவர் மிக்கேலே சனெத்தி. அவர் இடதுசாரி இல்லை, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். அவர்தான் 1971இல் ஃபிராங்கோ பசாலியா என்கிற மருத்துவரை சான் ஜொவான்னி மனநோய் ஆஸ்பத்திரிக்கு இயக்குநராகக் கொண்டுவந்தார். அப்போது உள்ளே சுமார் 1200 பேர். அவர்களில் பலர் வார்டு கூட்டினார்கள், துணி துவைத்தார்கள், சமையற்கட்டில் பாத்திரம் கழுவினார்கள். அதற்கு ‘வேலைச் சிகிச்சை’ என்று பெயர். சிகிச்சைக்குக் கூலி உண்டா? சிகரெட் கொடுப்பார்கள், கொஞ்சம் சில்லறை கொடுப்பார்கள். எங்கம்மாவுக்குப் புண்ணியம், அவர்களுக்குச் சிகிச்சை. அரிசிக்குப் பதிலாக சிகரெட்.

1972-73இல் அந்த நோயாளிகளில் ஏறத்தாழ 60 பேர் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்கிற அதே வேலையை மாகாண நிர்வாகத்திடமிருந்து ஒப்பந்தமாக எடுத்தார்கள். முறையான கூலி பேசினார்கள். வேலை மாறவில்லை, துடைப்பம் மாறவில்லை. நேற்று வரை நோயாளி, இன்று கூலி வாங்குகிற உறுப்பினர். பைத்தியம் என்று முத்திரை குத்தி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் தகுதியைக் கூடப் பறித்திருந்தவர்கள், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக நின்றார்கள். பசாலியா நல்ல டாக்டர், சந்தேகமில்லை. ஆனால் மாகாணம் ஒப்பந்தம் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் நல்ல டாக்டராக மட்டுமே இருந்திருப்பார்.

கவிஞனாக ஒரு விஷயம் சொல்ல அனுமதி கொடுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் சலவைத் துணி வண்டி இழுக்க ஒரு குதிரை இருந்தது. பெயர் மார்க்கோ. வயசாகிவிட்டது, வேலைக்கு ஆகாது, அடிமாட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவிடலாம் என்று முடிவானபோது, நோயாளிகள் சனெத்திக்கு மனு எழுதினார்கள். இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுங்கள் என்று. மாகாணம் ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷம், 1973இல், கலைஞர்களும் நோயாளிகளும் சேர்ந்து காகிதக் கூழில் பெரிய நீலக் குதிரை செய்தார்கள். பிப்ரவரி கடைசியில் அதை நகரத்துக்கு ஊர்வலமாக இழுத்துப் போகக் கிளம்பினால், குதிரை வாசலில் நுழையவில்லை. வாசலை உடைத்துக்கொண்டுதான் வெளியே போனார்கள். உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு ஓய்வு கேட்கும் உரிமை உண்டு என்பதை முதலில் ஒரு குதிரைக்காகக் கேட்டார்கள். தங்களுக்காக நேராகக் கேட்கிற தைரியம் அப்புறம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1978 மே மாதம் 180ஆம் எண் சட்டம் வந்து, மனநோய் ஆஸ்பத்திரிகளை மூடும் வேலை நாடு முழுக்கத் தொடங்கியது. 1991இல் 381ஆம் எண் சட்டம் ‘சமூகக் கூட்டுறவு’ என்பதைத் தனி வகையாக அங்கீகரித்தது. அதில் இரண்டு பிரிவு. ஒன்று, பராமரிப்பு, மருத்துவம் சார்ந்த சேவை, கல்வி ஆகியவற்றை வழங்குகிற சங்கம். இன்னொன்று, வேலைச் சந்தையில் யாரும் சேர்க்காதவர்களுக்கு வேலை கொடுக்கிற சங்கம். மனநோயாளிகள், ஊனமுற்றவர்கள், போதையிலிருந்து மீள்கிறவர்கள் போன்றவர்கள் இந்த இரண்டாவது வகையில் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு வரம்புத் தொகைக்குள் உள்ளாட்சிகள் இந்தச் சங்கங்களுக்கு வழக்கமான டெண்டர் முறை இல்லாமல் நேரடியாக வேலை கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி திறந்தது. துடைப்பத்தோடு நின்ற 60 பேருடைய அனுபவம் இருபது வருஷத்தில் ஒரு நாட்டின் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் கைதட்டு வாங்கிக்கொண்டு போகலாம். நிறுத்தினால் அது பொய்யாகிவிடும்.

அப்புறம் என்ன நடந்தது? உள்ளாட்சிகள் கணக்குப் போட ஆரம்பித்தன. நிரந்தர ஊழியருக்கு இவ்வளவு சம்பளம், ஓய்வூதியம். அதே வேலையைச் சங்கத்திடம் கொடுத்தால் குறைச்சல். இத்தாலியில் பல இடங்களில் சமூகக் கூட்டுறவு என்பது செலவைக் குறைக்கிற குறுக்கு வழியாகவும் ஆனது. சங்கத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே வேலை செய்கிற நகராட்சி ஊழியரைவிடக் குறைந்த சம்பளம். முதியவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற வேலை பெரிய அளவில் சங்கத்துக்கே வரவில்லை. உக்ரைனிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் மால்டோவாவிலிருந்தும் போன பெண்கள், தங்கள் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் அங்கே விட்டுவிட்டு, இத்தாலியக் கிழவிகளின் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். எங்கள் குடிசைச் சுவர் ஓரமாகக் கிடந்த ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களின் ஊரிலும் அப்படி ஒரு ஆயா கிடந்திருப்பாள்.

ஆகவே சங்கம் என்ற பெயர்ப்பலகை நமக்குப் போதாது. இது நமக்கும் புதுசு இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நினைவிருக்கும். ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து உட்கார்ந்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டவர்கள். இரவோடு இரவாகத் தூக்கி அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்தக் கணக்கில் வேலை செய்தார்கள்? சுய உதவிக் குழு கணக்கில், தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ். சுய உதவி! மாநகராட்சியின் தெருவைக் கூட்டுவதற்குப் பேர் சுய உதவி. குழு என்ற வார்த்தை இருந்தது. குழுவுக்கு ஒப்பந்தம் பேசும் அதிகாரம் இருந்ததா, கூலியை முடிவு செய்யும் அதிகாரம் இருந்ததா?

அடுத்து உள்ளாட்சி. அது யாருடையது? அண்ணல் அம்பேத்கர் 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோதே, தீண்டப்படாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாமல் அந்த அதிகாரத்தைக் கிராமத்திடம் கொடுக்கக்கூடாது என்று வாதாடினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களின் முகத்துக்கு நேராகக் கிராமம் என்ன என்பதைச் சொன்னார். அதற்கப்புறம் ஐம்பது வருஷம் கழித்து என்ன ஆனது? இடஒதுக்கீட்டில் மேலவளவு ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் ஒருவர் தலைவராகி உட்காரக்கூடாது என்று 2006 வரைக்கும் தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஞ்சாயத்துப் பணம் செக்கில்தான் வரும். தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஒரு நாள் துணைத் தலைவர் செக்கை நீட்டினார். தலைவர் வரலையா என்றேன். “வந்திருக்குது, வெளிய நிக்குது” என்றார். ‘அது’. எட்டிப் பார்த்தால் வாசல் வேப்பமரத்தடியில் அந்த அம்மா, எங்கம்மா வயசு, நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உட்காரவே இல்லை, நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். இப்போது ஆன்லைன் ஆகிவிட்டது. டிஜிட்டல் கையெழுத்துச் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது என்பதைப் பல ஊரில் நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

சில நேரம் கையெழுத்துப் போடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே இருப்பதில்லை. 2016இலிருந்து 2019 கடைசி வரை நம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இவ்வளவு தெரிந்தும் உள்ளாட்சியிடம் ஏன் போக வேண்டும்? இதே கேள்வியை இன்னும் கூர்மையாக ஒரு தோழி போன வாரம் கேட்டார். “அண்ணா, பீ அள்ளுற வேலையை விட்டுட்டு வெளிய வாங்கன்னு நாமதான் சொல்றோம். இப்ப நாமளே சங்கம் வச்சுப் பீத்துணி அலசலாம்னு சொன்னா, அது எந்த ஊரு நியாயம்?”

சரியான கேள்வி. ரெண்டு நாள் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்லிப் பார்க்கிறேன். கையால் மலம் அள்ளுவது ஒழிக்கப்பட வேண்டிய தொழில். 2013ஆம் வருஷச் சட்டம் அதைத் தடை செய்கிறது. குழாயும் இயந்திரமும் அந்த வேலையைச் செய்ய முடியும். செய்யாமல் இருப்பது அரசின் குற்றம். அதில் கூட்டுறவு வைத்தாலும் நாம் எதிர்க்க வேண்டும். ஆனால் மனுசனுக்கு வயசாவதைச் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது. பக்கவாதம் வந்த உடம்பைப் புரட்டிப் போட இன்னொரு மனுசக் கை வேண்டும். நம் பெண்கள் நாளைக்கே இந்த வேலையை விட்டுவிட்டாலும் வேலை இருக்கும். இன்னும் கீழே தள்ளப்பட்ட யாரோ ஒருத்தி வந்து செய்வாள். பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வருவாள். ஆகவே இந்த உழைப்பிலிருந்து சாதியைப் பிரித்து எடுக்க வேண்டும். கூலி, பயிற்சி, விடுமுறை, ஓய்வூதியம் உள்ள வேலையாக, எந்தச் சாதிக்காரரும் மனு போட்டுச் சேருகிற வேலையாக ஆக்க வேண்டும். அது தனித்தனி வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடக்காது. ஏஜென்சிக்காரன் அதைச் செய்யமாட்டான். பொதுப் பணமும் பொதுத் தீர்மானமும் உள்ள இடத்தில்தான் கேட்க முடியும். அந்த இடம் எவ்வளவு அழுகியிருந்தாலும் நமக்கு அதில் சட்டப்படி ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலிக்காக உயிர் கொடுத்திருக்கிறோம். அதில் உட்கார்ந்து என்ன கேட்பது என்பதுதான் மீதிக் கேள்வி.

அரசியல் சட்டத்தின் பதினொன்றாவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகள் இருக்கின்றன. 23இலிருந்து 27 வரை எடுத்துப் பாருங்கள். சுகாதாரம், குடும்ப நலம், பெண்கள் குழந்தைகள் வளர்ச்சி, ஊனமுற்றோர் உள்ளிட்டோரின் சமூக நலம், பட்டியல் சாதியினர் பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவினர் நலம். பராமரிப்பு முழுக்க இதற்குள் இருக்கிறது. நம் ஊராட்சிகள் ரோட்டையும் தெருவிளக்கையும் தாண்டி இந்தப் பக்கம் வந்தது குறைவு.

பக்கத்தில் கேரளாவில் வந்திருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் மலப்புறம் பக்கமெல்லாம் பரவி, தெரு ஆட்களே நோயாளியின் வீட்டுக்குப் போகும் பழக்கமானது. 2008இல் அரசு அதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. ஊராட்சி தன் திட்டப் பணத்தில் நர்ஸை வைத்து, வண்டி ஏற்பாடு செய்து, படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடு வீடாக அனுப்புகிறது. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35லிருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால் அது முடிந்தது. அது கூட்டுறவுச் சங்கம் இல்லை. நிறையப் பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. தன்னார்வம் நல்லதுதான். ஆனால் தன்னார்வம் என்று சொன்னவுடன் எனக்குப் ‘புண்ணியம்டி’ காதில் கேட்கும். கேரளாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தின் வழி. ஒரு ஊராட்சி தன் வரவு செலவில் படுக்கை நோயாளியின் வீட்டுக்கு ஒரு வரி எழுத முடியும். திரியஸ்த்தேயிலிருந்து எடுக்க வேண்டியது, அந்த வரிக்கு எதிரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கழுவுகிறவராகவே இருக்க முடியும் என்பதை.

பேங்க்காரனாக நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இதை எழுதிக்கொண்டால் நல்லது.

முதல் விஷயம், உறுப்பினர் பட்டியல். வேலை செய்கிற பெண்கள்தான் சங்கத்தின் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பராமரிக்கப்படுகிறவர்களின் குடும்பங்கள் இருக்கலாம், சிறுபான்மையாக. கூட்டுறவில் எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான். ஆனால் பங்குத்தொகையை மொத்தமாகக் கட்டச் சொன்னால் காசுள்ளவர்கள்தான் உறுப்பினர் ஆவார்கள். கூலியில் மாசாமாசம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் லெட்ஜரை நான் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் கடன் வாங்குகிற பக்கத்தில் இருப்பார்கள், நிர்வாகக் குழுப் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, முன்பணம். சங்கம் படுப்பது பெரும்பாலும் கொள்கையினால் இல்லை, பில் பாஸாகாததனால். உள்ளாட்சி மூன்று மாசம் கழித்துப் பணம் கொடுக்கும். கூலியோ மாசாமாசம் கொடுக்க வேண்டும். நடுவில் கந்துவட்டிக்கு வாங்கினால் ஆறு மாசத்தில் சங்கம் காலி. பெரிய கம்பெனி தாக்குப்பிடிக்கும், நம்மால் முடியாது. மூன்று மாசக் கூலியை முன்கூட்டியே சங்கத்தின் கணக்கில் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு என்றால் தலைவர் மாறினதும் சங்கம் போய்விடும். ஐந்து வருஷமாவது கேளுங்கள்.

மூன்றாவது, கூலி. அதே வேலையை அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகச் செய்கிறவர் வாங்குவதற்குக் குறையக்கூடாது. குறைந்தால் அது கூட்டுறவு என்ற பெயரில் நடக்கிற கான்ட்ராக்ட். இத்தாலியின் பாடம் இது, ரிப்பன் மாளிகை வாசலின் பாடமும் இதுதான். நிரந்தர வேலை கேட்டுப் போராடுகிறவர்களின் இடத்தில் உட்கார வைக்க நம் சங்கத்தைக் கூப்பிட்டால், போகக்கூடாது.

நாலாவது, முதல் வீடு. சங்கம் முதலில் எந்த வீட்டுக்குப் போகும்? ஊர்த்தெருவில் காசு கொடுக்க முடிந்தவர் வீட்டுக்கா? காலனியில் கிடக்கிற கிழவி வீட்டுக்கா? உள்ளாட்சிப் பணம் வருவதால்தான் காசில்லாதவர் வீட்டுக்கும் போக முடியும். ஆகவே காலனியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும். ஊர்த்தெருவுக்குப் போகும்போது முன்வாசல் வழியாகப் போவார்கள், அந்த வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சிரிக்க வேண்டாம். எழுதினால் மீறுகிற வீட்டுக்குச் சேவையை நிறுத்தச் சங்கத்துக்கு அதிகாரம் கிடைக்கும். ஒரு பெண் தனியாக நின்று மறுத்தால் வேலை போகும். சங்கம் மறுத்தால் அந்த வீடுதான் வேறு ஆள் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று 2022இல் ஆக்கியிருக்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் படுக்கையில் கிடக்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வெளியே பராமரிப்பு வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர், என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாணவர்கள் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போய்த் தீர்மானம் கேளுங்கள். எழுதிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த சபையிலும் கேளுங்கள்.

எங்கம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டது, அவளைப் பெற்ற ஆயாவுக்குத் தேய்ந்த மாதிரியே. நானும் என் மனைவியும் வேலைக்குப் போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வருகிறார். அவருக்கு மாசச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். போன மாசம் அம்மா அந்த அக்காவிடம் கேட்டாளாம்: “உங்கம்மாவ யாரு பாத்துக்கறா?” அந்த அக்கா பதில் சொல்லவில்லையாம். சாயங்காலம் நான் வந்ததும் அம்மா என்னிடம் அதையே கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இந்தக் கூட்டத்தில் வைக்கத்தான் வந்தேன்.